பனியனுக்கு மெருகேற்றும் பூசணம், தீயிலும் சாகாத பூசணம்... தெரியுமா?

நீங்கள் போட்டிருக்கும் பனியன் பிசிறு இல்லாமல், தடவினால் வழவழவென்று இருக்கிறதா? அந்த வழவழப்பைக் கொடுத்தது ஒரு பூசணம் என்றால் நம்புவீர்களா? அதுவும் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் கூடாரத் துணியைத் தின்று தீர்த்த பூசணம்! அது யார், எந்தக் குடும்பம் என்று உறுதியாகச் சொல்ல விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்தது தெரியுமா? கடைசியில் அதன் பூர்வீகச் சீட்டு கிடைத்த இடம் இலங்கை என்பதாவது தெரியுமா?

மடத்துக்குளத்துக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை ஆகாது. உடுமலையிலிருந்து பழனி போகும் சாலையில், அமராவதி ஆற்றை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, இன்னொரு பக்கம் கரும்பு, குமரலிங்கம், கொழுமம் பக்கம் போனால் நெல். கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை. விடிந்தால் ஆள் ஏற்ற வரும் மில் வேன். தோப்பிலும் வயலிலும் ஆலையிலும் துணியிலும் பூசணத்துக்கு வேலை இருக்கிறது. சில இடத்தில் கூலி வாங்காத ஆள், சில இடத்தில் குடி கெடுக்கும் ஆள். சங்கடம் என்னவென்றால், பார்வைக்கு எல்லாம் ஒரே பச்சைத் தூள், ஒரே வெள்ளை நூல். நல்லது எது, கெட்டது எது என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாது. டி.என்.ஏ. சொல்கிறது. சொல்லும்போது பழைய பெயர்ப் பலகைகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிடுகிறது!

உலகத்தில் எத்தனை வகைப் பூஞ்சை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2017-ல் டேவிட் ஹாக்ஸ்வொர்த்தும் ராபர்ட் லூக்கிங்கும் போட்ட கணக்கு: 22 லட்சத்திலிருந்து 38 லட்சம்! மனிதன் இதுவரை பெயர் வைத்து முடித்தது சுமார் ஒன்றரை லட்சம். இந்தியாவில் பதிவானவை 27,000 அளவில் என்று 2005-ல் சி. மனோகராச்சாரி முதலானோர் எழுதினார்கள். அப்படியானால் நம் காலடி மண்ணில் இருப்பதில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் பெயரே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மட்கிக் கிடக்கும் தென்னை மட்டையில்கூட யாரும் பார்க்காத ஒன்று இருக்கலாம்.

கூடாரம் தின்ற பூசணம்

1940-களின் போர்க்காலம். பசிபிக் தீவுகளில் மழையும் புழுக்கமும். அமெரிக்கப் படையின் கூடாரம், தோள்பை, பெல்ட் என்று பருத்தியால் ஆனது எதுவானாலும் சில வாரத்தில் இற்று விழுந்தது. எதிரியைவிட இது பெரிய தொல்லை! ராணுவத்தின் தளவாடப் பிரிவு, மட்கிய துணிகளிலிருந்து பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து, வளர்த்து, எண் போட்டு அடுக்கியது. சாலமன் தீவுகளிலிருந்து வந்த ஒன்றுக்குக் கிடைத்த எண் 'கியூ.எம்.6ஏ'. கியூ.எம். என்றால் குவார்ட்டர் மாஸ்டர், தளவாட அதிகாரி. ஒரு பூசணத்துக்கு ராணுவ எண்!

எல்வின் ரீஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழு முதலில் தேடியது, இதை எப்படி ஒழிப்பது என்றுதான். பிறகு ரீசும் மேரி மாண்டெல்சும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: பருத்தியை இவ்வளவு வேகமாகக் கரைக்கிறதே, அந்தக் கரைக்கும் சரக்கை நாம் வேலைக்கு வைத்தால் என்ன? அந்தச் சரக்குதான் செல்லுலேஸ் என்சைம். அப்போது இந்தப் பூசணத்துக்கு 'டிரைக்கோடெர்மா விரிடி' என்று பெயர் எழுதி வைத்திருந்தார்கள். 1977-ல் இது தனி இனம் என்று முடிவாகி, ரீசின் பெயராலேயே 'டிரைக்கோடெர்மா ரீசி' ஆனது. கதிர்வீச்சும் ரசாயனமும் கொடுத்துக் கொடுத்து இதைத் தேற்றியதில், இன்று ஆலைத் தொட்டியில் ஒரு லிட்டர் திரவத்துக்கு 100 கிராம் வரை புரதத்தை வெளியே கொட்டுகிறது. உலகம் முழுக்க தொழிலில் இருக்கும் ரீசி வகைகள் எல்லாம் அந்த ஒரே கூடாரத் துணிப் பூசணத்தின் வாரிசுகள்!

இனி திருப்பூர். பின்னலாடைத் துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். நூலை விட்டு மயிரிழை மயிரிழையாகப் பருத்தி நார் நீட்டிக்கொண்டிருக்கும். நாலு முறை துவைத்தால் அதெல்லாம் சுருண்டு குட்டிக் குட்டி முடிச்சாகத் திரளும். தொழிலில் இதற்குப் பெயர் பில்லிங். இதைப் போக்கத்தான் பயோ வாஷ், அதாவது பயோ பாலிஷ். சாயப்பட்டறையில் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் துணி ஓடும்போது, அசிட்டிக் ஆசிட் விட்டு பி.எச். அளவை 4.5-லிருந்து 5.5-க்குள் கொண்டுவந்து, 50, 55 டிகிரிச் சூட்டில் என்சைமை விடுகிறார்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரம். நீட்டிக்கொண்டிருக்கும் நார்களை என்சைம் மேய்ந்துவிடும். அதோடு விட்டால் நூலையும் தின்ன ஆரம்பித்துவிடும் என்பதால், சூட்டை 80 டிகிரி அளவுக்கு ஏற்றி என்சைமைக் கொன்றுவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையில் அசந்தால் துணியின் பலம் போச்சு. சரியாகச் செய்தாலும் 3 முதல் 5 சதவீதம் எடை குறையும். கிலோக் கணக்கில் துணி விலை பேசுகிறவர்களுக்கு அந்த மூன்று சதவீதம் என்ன வலி என்று சொல்லத் தேவையில்லை. இந்த அமில வகை செல்லுலேஸ் பெரும்பாலும் நம் ராணுவ எண் பூசணத்தின் உபயம்தான்.

ஆச்சரியம் இனிமேல்தான். இந்தப் பூசணம் வித்து விட்டுப் பெருகும், ஆனால் ஆண் பெண் சேர்க்கை என்ற ஒன்றை யாரும் பார்த்ததே இல்லை. தாய் தகப்பன் தெரியாத தனிக்கட்டை என்றே வைத்திருந்தார்கள். 1996-ல் அதன் டி.என்.ஏ.வைப் படித்தார்கள். அது 'ஹைப்போகிரியா ஜெகோரினா' என்ற பூஞ்சையோடு அச்சாகப் பொருந்தியது! வெப்பமண்டலக் காடுகளில் செத்த மரப்பட்டை மேல் சின்னச் சின்ன மெத்தைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்று. அதற்குப் பெயர் வைத்தவர்கள் பெர்க்லியும் ப்ரூமும், 1870-களில். மாதிரி போனது இலங்கையிலிருந்து, பேராதனைப் பூங்காவை நடத்திய துவெயிட்ஸ் சேகரித்து அனுப்பியது. ஆக, அமெரிக்க ராணுவம் எண் போடுவதற்கு எழுபது வருஷம் முன்பே அது இலங்கைக் காட்டு மரத்தில் பெயர் வாங்கி உட்கார்ந்திருக்கிறது. பச்சைத் தூளாக ஒரு வேஷம், பட்டை மேல் மெத்தையாக இன்னொரு வேஷம். இரண்டும் ஒருவர்தான் என்று எந்தப் பூதக்கண்ணாடியும் காட்டவில்லை.

2009-ல் அடுத்த கட்டம். கியூ.எம்.6ஏ-க்கு ஒரே ஒரு 'பாலினம்'தான் உண்டு, எதிர்ப் பாலினம் கிடைக்காததால்தான் இத்தனை காலம் தனியாக இருந்தது என்று டி.என்.ஏ. காட்டியது. காட்டு ஹைப்போகிரியாவில் எதிர்ப் பாலினத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். சேர்ந்துவிட்டது! அறுபது வருஷத்துக்கு மேல் ஆய்வகப் பிரம்மச்சாரி, அப்புறம் கல்யாணம்.

பயோ வாஷோடு முடிந்ததா என்றால் இல்லை. பெராக்சைடு போட்டு பிளீச் செய்த துணியில் மிச்சம் நிற்கும் பெராக்சைடைப் போக்க, சாயம் ஏற்றுவதற்கு முன் ஒரு சரக்கு விடுவார்கள். பட்டறையில் அதற்கு 'பெராக்சைடு கில்லர்' என்று பெயர். உள்ளே இருப்பது கேட்டலேஸ் என்ற என்சைம். அதை உற்பத்தி செய்யப் பயன்படுவதில் முக்கியமான ஆள் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர், வெங்காயத் தோலில் கரிபோல் படியும் அதே கூட்டத்தைச் சேர்ந்த கறுப்புப் பூசணம்.

மூட்டையில் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்

உரக்கடையில் 'டிரைக்கோடெர்மா விரிடி' பாக்கெட் வாங்காத விவசாயி இந்த வட்டாரத்தில் குறைவு. தொழு எருவில் கலந்து, ஈரம் காட்டி, சாக்குப் போட்டு மூடி நிழலில் வைத்து, பிறகு வயலில் இடுவது. வேரழுகலுக்கு நல்ல மருந்து. ஆனால் ஒன்று தெரியுமா? விரிடி என்று உலகம் முழுக்க எழுதி வைத்திருந்ததில் பெரும்பகுதி விரிடியே இல்லை! 2006-ல் ஐரோப்பாவில் டி.என்.ஏ.வைக் கொண்டு மறுபரிசீலனை செய்தபோது, உண்மையான விரிடி ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்ப் பிரதேசங்களில்தான் தலைகாட்டுகிறது, அங்கும் அபூர்வம் என்று தெரிந்தது. நம்மைப்போல வெயில் காயும் நாடுகளில் விரிடி என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது 'டிரைக்கோடெர்மா ஆஸ்பெரெல்லம்' போன்ற வேறு இனங்கள். மருந்து வேலை செய்கிறது, சந்தேகமில்லை. லேபிள்தான் வேறு ஆளுடையது.

1969-ல் இந்தோனேசியாவின் ரிஃபாய், டிரைக்கோடெர்மா மொத்தத்தையும் ஒன்பது கூட்டமாகப் பிரித்தார். மைக்ராஸ்கோப்பில் அதற்கு மேல் பிரிக்க வழியில்லை. டி.என்.ஏ. வந்தபின் இன்று 300-க்கும் மேற்பட்ட இனங்கள்!

இதில் கொடுமை என்னவென்றால், வயலில் தோழனான இதே கூட்டம் காளான் குடிலில் வில்லன். 1998-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அருப்புக்கோட்டையிலிருந்து ஏ.பி.கே.2 பால் காளானை வெளியிட்டது. வெயில் ஊர்களில் பால் காளான் தொழில் பரவியதற்கு அது பெரிய காரணம். சிப்பிக் காளானும் பால் காளானும் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வைக்கோல் பையில் ஒரு மூலையில் பச்சை படர்ந்தால் அந்தப் பையை உடனே வெளியே தூக்கு. சிப்பிக் காளானைத் தாக்கும் பச்சைப் பூசணம் எது என்று டி.என்.ஏ. பார்த்ததில், அதற்கென்றே பிறந்த இரண்டு தனி இனங்கள் பிடிபட்டன. பெயரே அதன் இரையைச் சொல்லும்: டிரைக்கோடெர்மா ப்ளூரோட்டம், டிரைக்கோடெர்மா ப்ளூரோட்டிகோலா. ப்ளூரோட்டஸ் என்றால் சிப்பிக் காளான்.

மைக்ராஸ்கோப்பில் ஒரு வாழ்க்கை

டி.என்.ஏ.வுக்கு முன் என்ன செய்தார்கள்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்ரமணியனைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. 1924-ல் பிறந்தவர். காம்பில் வித்து எப்படிப் பிறக்கிறது, மொட்டு விடுகிறதா, உடைந்து பிரிகிறதா, உள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுகிறதா என்று அந்தப் பிரசவத்தைப் பார்த்தே பூஞ்சைகளைப் பிரிக்க வேண்டும் என்று வாதாடியவர். 1965-ல் பட்நாகர் விருது. 1971-ல் அவர் எழுதிய 'ஹைஃபோமைசீட்ஸ்' 900 பக்கத்தைத் தாண்டும். 2016-ல் மறையும்வரை பூஞ்சை உலகத்தில் மதராசுக்கு ஒரு மரியாதை வாங்கிக் கொடுத்தவர். இப்போது கணினியில் நிமிஷத்தில் விடை வருகிறது என்று புதுத் தலைமுறை துள்ளுகிறது. துள்ளட்டும். ஆனால் அந்த விடையை ஒப்பிட ஒரு பழைய மாதிரி பத்திரமாக இருக்க வேண்டுமே, அது இவரைப் போன்றவர்கள் கண் எரிய எரியப் பார்த்து வைத்துவிட்டுப் போனதுதான்.

பூஞ்சைக்கு ஒரு காலத்தில் சட்டப்படியே இரண்டு பெயர் வைக்கலாம் தெரியுமா? சேர்க்கை நடக்கும் உருவத்துக்கு ஒன்று, நடக்காத உருவத்துக்கு ஒன்று. டி.என்.ஏ. இரண்டும் ஒன்றே என்று காட்டக் காட்ட, 2011-ல் மெல்போர்னில் கூடிய தாவரவியலாளர்கள் விதியை மாற்றினார்கள். 2013 ஜனவரி 1 முதல் ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர்.

இலைக்குள் ஒளிந்திருப்பவர்கள்

ஒரு வேப்பிலையைப் பறியுங்கள். பச்சைப் பசேலென்று, புள்ளிகூட இல்லாமல், ஆரோக்கியமாக இருக்கிறதா? அதற்குள்ளும் பூஞ்சை இருக்கிறது! ஒன்றல்ல, பல. மரத்துக்கு நோய் கொடுக்காமல், வெளியே தலை காட்டாமல் குடியிருக்கும் இவற்றை அகவாழிகள் என்பார்கள். சென்னை விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தின் டி.எஸ். சூரியநாராயணன் பல பத்தாண்டுகளாக இவற்றின் பின்னால் அலைகிறவர்.

எப்படிப் பிடிக்கிறார்கள் பாருங்கள். இலையைச் சில விநாடி ஆல்கஹாலில் நனைத்து, ஒன்றரை நிமிஷம் பிளீச்சிங் திரவத்தில் ஊறவைத்து, சுத்தமான தண்ணீரில் அலசுவார்கள். மேல்தோலில் ஒட்டியிருந்த அத்தனையும் காலி. பிறகு அரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பாக்டீரியா வராமல் மருந்து கலந்த அகார் தட்டில் வரிசையாக வைப்பார்கள். சில நாளில் வெட்டிய விளிம்பிலிருந்து வெள்ளையும் சாம்பலுமாக நூல் எட்டிப் பார்க்கும். மேலே இருந்ததெல்லாம் செத்துவிட்டதால், வருவது உள்ளே இருந்த ஆள்தான்.

சில பூஞ்சைகள் ஆய்வகத்தில் அடம்பிடிக்கும். நூல் மட்டும் விடும், வித்து விடாது. வித்து இல்லாவிட்டால் மைக்ராஸ்கோப் கை விரித்துவிடும். அங்கேதான் டி.என்.ஏ. நூலைச் சுரண்டி அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, 'ஐ.டி.எஸ்.' என்ற துண்டை மட்டும் பி.சி.ஆர். மெஷினில் கோடிக்கணக்கில் நகலெடுப்பார்கள். பெரும்பாலும் ஐந்நூறு, எழுநூறு எழுத்து நீளம். இதைப் பிடிக்கும் தூண்டில்களை 1990-ல் டாம் வைட் குழு அமெரிக்காவில் வடிவமைத்தது, இன்றும் அதே தூண்டில்தான். 2012-ல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து இதையே பூஞ்சைகளின் அதிகாரபூர்வ பார்கோடாக அறிவித்தார்கள்.

சூரியநாராயணனும் ஏ.கே. பாண்டே, சுதாகர ரெட்டி ஆகியோரும் 2003-ல் இதே முறையில் ஒரு வேடிக்கையைப் பிடித்தார்கள். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத, வெவ்வேறு குடும்பத்து மரங்களின் இலைகளிலிருந்து 'ஃபில்லோஸ்டிக்டா' என்ற பூஞ்சையைப் பிரித்தெடுத்திருந்தார்கள். மரத்துக்கு மரம் வேறு இனமாக இருக்கும் என்பதுதான் பழைய வழக்கம். மரத்தின் பெயரை ஒட்டியே பூஞ்சைக்கும் பெயர் வைத்துவிடுவார்கள். டி.என்.ஏ. விரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே ஆள், ஃபில்லோஸ்டிக்டா கேப்பிடலென்சிஸ்! காட்டில் நூறு வகை மரம் இருந்தால் நூறு வகைப் பூஞ்சை என்று பெருக்கிக் கணக்குப் போட்டவர்களுக்கு இது ஒரு குட்டு. பன்மை கூடும் என்று மட்டும் டி.என்.ஏ. சொல்வதில்லை, சில இடத்தில் கழிக்கவும் சொல்கிறது.

அவருடைய இன்னொரு வேலை எனக்கு இதைவிடப் பிடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் முட்காடுகளில் கோடையில் தீப்பிடிக்கும். கீழே கிடக்கும் சருகில் வாழும் பூஞ்சைகள் என்ன ஆகும்? சூரியநாராயணனின் குழு சருகைச் சூட்டடுப்பில் வைத்துப் பார்த்தது. நூறு டிகிரியைத் தொட்ட உலர்ந்த சூட்டிலும் சில பூஞ்சைகளின் வித்துகள் சாகவில்லை! வேடிக்கை என்னவென்றால் இவை வெந்நீர் ஊற்றில் வாழும் ரகமே கிடையாது. வளர்வதற்கு நம் வீட்டு அறைச் சூடு போதும். வித்து மட்டும் வைரம். 2011-ல் வந்த அந்தக் கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பிலேயே அக்னியின் பெயர் இருக்கிறது. அமராவதி வனச்சரகத்தின் காய்ந்த காட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சருகுக்குள் எத்தனை அக்னிக் குஞ்சுகளோ என்று தோன்றும்.

புற்றுக்குள் ஒரு தோட்டம்

முதல் மழை பெய்து, நாலு இடி இடித்தால் கரையான் புற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று குடை விரியுமே, புற்றுக் காளான். அது தானாக முளைப்பது இல்லை, கரையான் பயிர் செய்வது என்று தெரியுமா? மட்டையையும் சுள்ளியையும் மென்று, உள்ளே பஞ்சுபோல் ஒரு படுகை கட்டி, அதில் 'டெர்மிட்டோமைசீஸ்' பூஞ்சையை விதைத்து வளர்த்துச் சாப்பிடுகின்றன. மனிதன் விவசாயம் பழகிப் பத்தாயிரம் ஆண்டு சொச்சம்தான். இவை சுமார் மூன்று கோடி ஆண்டுகளாகச் செய்கின்றன! 1979-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் தென்னிந்தியாவிலிருந்து இதில் ஒரு புது இனத்தை உலகத்துக்குச் சொன்னார். பிரான்சின் பூஞ்சையியலாளர் ரோஜர் ஹெய்ம் பெயரால் அது டெர்மிட்டோமைசீஸ் ஹெய்மி ஆனது.

ஒரு புற்றுக்குள் எத்தனை வம்சப் பூஞ்சை இருக்கும்? 2009-ல் டி.என்.ஏ.வோடு சேர்த்துச் சோதித்தவர்கள் சொன்ன பதில்: ஒன்றே ஒன்று. புற்றுக்குள் வரும்போது பல வம்ச வித்துகள் வரலாம். வேகமாகப் பெருகுவதையே கரையான்கள் திரும்பத் திரும்ப விதைப்பதால், மற்றவை காணாமல் போய்விடும். விதைத் தேர்வு! அதே படுகையில் 'சைலேரியா' என்ற களை ஒன்று மூச்சுக்காட்டாமல் பதுங்கியிருப்பதும் டி.என்.ஏ. தேடலில் சிக்கியது. கரையான் கூட்டம் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும், அவை புற்றை விட்டுப் போனால் படுகை முழுக்க அதன் ராஜ்ஜியம்.

ஆசையில் எல்லாக் குடையையும் பறித்துவிடாதீர்கள். புல்வெளியில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைகளில் 'குளோரோஃபில்லம்' என்று ஒன்று உண்டு, தின்றால் வாந்தியும் பேதியுமாகப் படுக்கவைக்கும். காளானின் தலையை வெட்டி, செவுள் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தால், விடிந்ததும் தாளில் மங்கிய பச்சைத் தூள் கோலம் விழுந்திருக்கும். பச்சை விழாவிட்டால் அது நல்ல காளான் என்று அர்த்தமில்லை. தெரியாததைத் தின்னாமல் இருப்பதே பிழைக்கும் வழி.

மூச்சு விடாமல் இன்னும் சில

லண்டன் கடையில் வாங்கிய காய்ந்த காளான் பாக்கெட் ஒன்றிலிருந்து 15 துண்டை எடுத்து, 2014-ல் கியூ தாவரவியல் பூங்காக்காரர்கள் டி.என்.ஏ. பார்த்தார்கள். அறிவியலுக்கே தெரியாத மூன்று புது இனங்கள்! எத்தனை பேர் சூப் வைத்துக் குடித்தார்களோ.

தென் அமெரிக்க மலைகளில் ஒரே இனம் என்று நினைத்திருந்த ஒரு கற்பாசி (பாசியோடு கூடி வாழும் பூஞ்சை), அதே 2014-ல் 126 இனமாகப் பிரிந்தது. ஃபிளெமிங் பெனிசிலின் கண்ட பூசணத்துக்கு எத்தனை முறை பெயர் மாறியது தெரியுமா? முதலில் ரூப்ரம், பிறகு நொட்டேட்டம், பிறகு கிரைசோஜீனம். 2011-ல் டி.என்.ஏ. தீர்ப்பு: பெனிசிலியம் ரூபன்ஸ்.

2009-ல் டோக்கியோவில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து பிரித்த ஈஸ்ட், கேண்டிடா ஆரிஸ். மருந்துக்கு மசியாத அந்தக் கிருமி டெல்லி மருத்துவமனைகளில் இருப்பதை 2013-ல் அனுராதா சௌதரி குழு எழுதியது. வழக்கமான பரிசோதனைக் கருவி அதை வேறு கேண்டிடா என்று தவறாகக் காட்டியது. டி.என்.ஏ. பார்த்ததால்தான் பிடிபட்டது. அதே குழு 2021-ல் அந்தமான் கடற்கரையிலும் சதுப்பிலும் அதைக் கண்டது. அதே 2021-ல் நாட்டையே நடுங்கவைத்த 'கருப்புப் பூஞ்சை' கறுப்பே கிடையாது! ஆய்வகத் தட்டில் பஞ்சுபோல் வெள்ளையாகத்தான் கிளம்பும். கறுத்தது செத்துப்போன சதை.

கொப்பரைக் களத்தில் ஈரம் காயாமல் குவித்தால் மஞ்சள் பச்சையாகப் படரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ், கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கும். ஜப்பான்காரர்கள் சோயா சாஸ் புளிக்கவைக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே, டி.என்.ஏ. கணக்கில் அதன் உடன்பிறப்பு. ஒன்று நஞ்சு, ஒன்று ருசி.

தோப்புக்கும் கரும்புக்கும்

தென்னையில் குருத்தழுகல் வந்தால் 'பூஞ்சாணம் விழுந்துவிட்டது' என்போம். அதை உண்டாக்கும் ஃபைட்டோஃப்தோரா பூஞ்சையே கிடையாது! நூல் விடும், வித்து விடும், பார்க்க அச்சு அசல் பூஞ்சை. டி.என்.ஏ.படி அது கடலில் வாழும் பழுப்புப் பாசிகளுக்குச் சொந்தம். நிஜப் பூஞ்சைகளோ செடியைவிட விலங்குக்கு, அதாவது நமக்கு, நெருங்கிய உறவு. இது வெறும் உறவுமுறைப் பேச்சு அல்ல, பர்ஸ் விஷயம். பூஞ்சையை அடிக்கும் கார்பென்டாசிம் இதனிடம் எடுபடாது. மெட்டலாக்சிலுக்கு அடங்கும், போர்டோ பசைக்கு அடங்கும். ஆள் யாரென்று தெரியாமல் அடித்த மருந்து தண்ணீரில் கரைத்த காசு.

கரும்பில் செவ்வழுகலைப் பிடிக்க டி.என்.ஏ. வேண்டாம். கரும்பை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே சிவப்பு, அதன் குறுக்கே திட்டுத் திட்டாக வெள்ளை, மூக்கருகே கொண்டுபோனால் புளித்த சாராய வாடை. குற்றவாளி கொலெட்டோட்ரைக்கம் ஃபால்கேட்டம். இங்கேதான் டி.என்.ஏ. பார்கோடு தோற்கும் இடமும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தைக் கட்டி ஆண்ட கோ 0238 ரகத்தை அண்மை ஆண்டுகளில் இந்த நோய் சாய்த்தது. இனம் அதே இனம்தான், ஆனால் வீரியம் மாறிய புது வகை. ஐ.டி.எஸ். துண்டில் அந்த மாற்றம் தெரியாது. ஆகவே கரும்பு இனப்பெருக்க நிறுவனத்து விஞ்ஞானிகள் இன்றும் குறிப்பிட்ட சில கரும்பு ரகங்களை நட்டு, அவற்றுக்குள் கிருமியைச் செலுத்தி, எது விழுகிறது எது நிற்கிறது என்று பார்த்தே வகை பிரிக்கிறார்கள். 1912-ல் கோவையில் தொடங்கிய அந்த நிறுவனத்தில், மெஷின் எத்தனை வந்தாலும் கரும்பைப் பிளந்து பார்ப்பது நிற்கவில்லை.

இன்னொரு ஓட்டையும் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ. எழுத்தைப் படித்ததும் உலகப் பொதுக் களஞ்சியத்தில் போட்டு ஒப்பிடுவார்கள். அந்தக் களஞ்சியத்திலேயே பூஞ்சைப் பதிவுகளில் ஐந்தில் ஒரு பங்குவரை தவறான பெயரில் இருக்கலாம் என்று 2006-ல் ஸ்வீடனின் நில்சன் குழு எச்சரித்தது. முதலில் பதிந்தவர் தவறினால், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அதே தவறை டி.என்.ஏ. சாட்சியோடு எழுதுவார்கள்!

உங்கள் தோப்பிலோ குடிலிலோ இதுவரை பார்க்காத ஒன்று முளைத்தால் என்ன செய்யலாம்? பயிர் நோய் என்றால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நோயியல் துறை பக்கத்திலேயே இருக்கிறது. பூஞ்சை யாரென்று திட்டவட்டமாக அறிய, புனே அகார்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கும் தேசியப் பூஞ்சைச் சேகரிப்பகம் கட்டணம் வாங்கிக்கொண்டு இனங்கண்டு சொல்லும். ஒன்றே ஒன்று: மாதிரியை பிளாஸ்டிக் கவரில் கட்டி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே வேர்த்து, போய்ச் சேர்வதற்குள் வழியில் தொற்றிய வேறு பூசணம் படர்ந்து, அதன் டி.என்.ஏ.தான் விடையாக வரும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, எந்தச் செடி, எந்தப் பாகம், எந்த ஊர், எந்தத் தேதி என்று பென்சிலால் மேலே எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்.